மருமகனின் பழைய தொண்டை

என் மகள் ஒரு ராக் பாடகனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பதிவாளர் அலுவலகம்?" என்பதுதான். வருவாய்த் துறையில் தலை நரைத்தவனுக்கு வேறு கேள்வி வராது. நாங்கள் நாஞ்சில் நாட்டு வயல்காட்டுச் சைவக் குடும்பம். பையன் தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கன். இரண்டு பேரும் மதம் மாறுவதாக இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி எத்தனை நாள் அறிவிப்பு ஒட்டிக் கிடக்க வேண்டும், ஒட்டிய தாளை யாராவது கிழித்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். தகப்பன் தலையில் கைவைத்து உட்கார வேண்டிய இடத்தில் இந்த மனுஷன் அறிவிப்புப் பலகையைப் பற்றி விசாரிக்கிறாரே என்று என் மனைவி கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. அது 2004.

அவன் பாடி நான் முதலில் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு, நாகர்கோவிலில் ஒரு கல்லூரி மைதானத்தில். மேடையில் நாலு பேர். இரண்டு கிட்டார், டிரம்ஸ், நடுவில் இவன். விளக்கு அணைந்தது. வாத்தியம் எதுவும் தொடங்குமுன் இவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சத்தம் கொடுத்தான். அதில் சொல் எதுவும் கிடையாது. அடிவயிற்றில் தொடங்கி, மேலே போய், இனி உடையும் என்று நாம் நினைக்கிற இடத்தில் உடையாமல் நின்று, இன்னும் மேலே போயிற்று. பிறகுதான் டிரம்ஸ் விழுந்தது. பையன்கள் நாற்காலிகளின் மேல் ஏறினார்கள். நான் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கே படிச்ச இத?" என்று பிறகு கேட்டேன்.

"படிச்சதில்ல மாமா. சின்னதுல அலைத்தடுப்புக் கல்லு மேல ஏறி நின்னு கடலுக்கு நேரே கத்துவேன். அலைக்க சத்தத்த ஜெயிக்கணும். அம்ம அடுக்களையில இருந்துட்டே வைவா, 'லேய், மீன் எல்லாம் பயந்து கொச்சிக்குப் போயிரும்'னு."

அந்தச் சத்தத்தை நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டு மாடியில்தான் அவர்கள் பயிற்சி செய்தார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் எவ்வளவு ஒலி அனுமதி, அண்டை வீட்டார் புகார் கொடுத்தால் எந்த அதிகாரிக்குப் போகும் என்பதெல்லாம் தெரிந்திருந்ததால் நானே போய் ஜன்னல்களைச் சாத்துவேன். கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்கு அடுத்து அவர்கள் திருவனந்தபுரத்தில் ஒரு சிடி பதிவுசெய்தார்கள். முதல் பாட்டின் தொடக்கத்தில் அந்தச் சத்தம், தனியாக. பதிவுசெய்தது நல்லதாயிற்று என்று அப்போது எல்லாரும் சொன்னோம். பிறகு அப்படி யாரும் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தே ஆக வேண்டிய கட்டி. எடுத்தார்கள். யார் மேலும் குற்றமில்லை. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடந்ததாம். கட்டுப் பிரித்த அன்று அவன் வாய் திறந்தான். முதலில் காற்று வந்தது. காற்றுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு சொல் வந்தது. ஈரத் துணியை உதறுவது போல. என் மகள் சிரித்த முகமாகவே நின்றாள். பிறகு வராந்தாவுக்கு வந்து என்னிடம், "அப்பா, காபி வாங்கிட்டு வாங்க" என்றாள். அவள் காபி குடிப்பதில்லை.

ஒரு வருடம் பயிற்சி, மருந்து, வெந்நீர். பேச்சு தெளிந்தது. பாட்டும் ஓரளவு திரும்பியது, ஆனால் வேறு யாருடைய பாட்டோ போல. மெல்லிய குரல், ஓரத்தில் கிழிந்த குரல், மூன்றாவது வரிசைக்கு அப்பால் போகாத குரல். மற்ற மூவரும் வேறு பாடகன் தேடியிருக்கலாம். தேடவில்லை. அதற்குப் பதில் அந்தக் குரலுக்கு இடம் கிடைக்கும்படி மற்ற எல்லாவற்றையும் குறைத்தார்கள். டிரம்ஸ்காரன் டிரம்ஸை மூலையில் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டத் தொடங்கினான். அந்தப் பெட்டிக்கும் ஒரு வெளிநாட்டுப் பெயர் உண்டாம். ஒருவன் மாண்டலின் எடுத்தான், ஒருவன் கத்தோலிக்கக் கோயில் பாடகர்குழுவில் யாரும் தொடாமல் கிடந்த அக்கார்டியனைத் தூசி தட்டிக்கொண்டு வந்தான். தவக்காலப் புலம்பலின் மெட்டில் ஒரு காதல் பாட்டு, மலையாளப் படகோட்டிகளின் வள்ளப்பாட்டுத் தாளத்தில் ஒரு தாலாட்டு, கல்ஃபிலிருந்து திரும்பிய சித்தப்பாக்கள் கற்றுவந்த அரபுக் கைத்தட்டலில் ஒரு வேடிக்கைப் பாட்டு. கேட்க இதமாகத்தான் இருந்தது. நான் ஜன்னல் சாத்துவதை நிறுத்தினேன்.

பழைய ரசிகர்கள் மன்னிக்கவில்லை. "கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிட்டானுவோ" என்றார்கள். காசுக்காக இறங்கிவிட்டார்கள் என்றார்கள். காரணத்தை இவர்கள் வெளியாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் கழுத்துத் தழும்பின் மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டான். அதையும் புதிய ஸ்டைல் என்று திட்டினார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. சிடியின் முதல் பாட்டான அந்தப் பழைய பாட்டையும் மெல்லிசையாக மாற்றிப் பாடினார்கள். ஆனால் தொடக்கத்தில் சத்தம் வர வேண்டிய இடத்தை வெட்டவில்லை. நாலு பேரும் வாத்தியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவு நேரம் சும்மா நிற்பார்கள். பிறகு மாண்டலின் தொடங்கும். மாடியில் பயிற்சியின்போதும் அப்படித்தான். கீழே ஈசிசேரில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். மேலே திடீரென்று ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததில் நான் தாளைத் திருப்பமாட்டேன். ஏன் என்று கேட்டால் விதி காட்ட முடியாது. சத்தம் போட்டபோது எனக்குப் பிடிக்காதது, போடாதபோது என் வீட்டில் நடமாடியது.

வீட்டில் மட்டுமல்ல. யாரோ அந்தச் சத்தத்தை சிடியிலிருந்து வெட்டி ரிங்டோன் ஆக்கியிருந்தார்கள். ஒரு நாள் மார்த்தாண்டத்திலிருந்து நானும் அவனும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன்சீட்டில் வாழைக்குலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரின் சட்டைப் பையிலிருந்து என் மருமகன் அலறினான். அந்த மனிதர் குலையைச் சரித்து, பையைத் துழாவி, போனை எடுத்துப் பார்த்து, வேண்டாத ஆள் போலிருக்கிறது, எடுக்கவில்லை. அது திரும்பத் திரும்ப அலறியது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. துண்டுக்குக் கீழே தொண்டை மட்டும் ஏறி, நின்று, இறங்கியது. போன் அலறிய ஒவ்வொரு தடவையும்.

பேத்திக்கு அப்போது மூன்று வயதிருக்கும். யாருடைய போனிலோ அதைக் கேட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். "அது யாரு?" என்றாள். "அப்பாதான் மக்கா" என்றாள் என் மகள். குழந்தை தன் அப்பாவைப் பார்த்தது, போனைப் பார்த்தது. "இல்ல" என்றது. அதற்கு மேல் யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவனுடைய சொந்த ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டி ஒன்பதாம் நாள் இன்னிசைக்குக் கூப்பிட்டது. பத்தாம் நாள் தேர். ஒலிபெருக்கி அனுமதி வாங்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அரசாங்க மொழியில் அது கூம்பு வடிவ ஒலிபெருக்கி, ஊரில் குழாய். குழாய் கூடாது, பெட்டிதான் வைக்கலாம் என்று உத்தரவு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மேலே அனுப்பி, முத்திரை வாங்கிக் கமிட்டியிடம் கொடுத்தேன். அவர்கள் அதைப் பயபக்தியோடு வாங்கி வைத்துக்கொண்டு, மின்கம்பத்துக்கு மின்கம்பம் குழாய் கட்டினார்கள்.

கமிட்டிக்காரர் ஒருவர் என் மருமகனிடம், "பழைய பாட்டு வேணும் மக்கா. ஊர்ப் பயலுவ அதுக்காகத்தான் கெடந்து சாவுதானுவோ. பாட முடியலன்னா சிடிய ஓட்டுவோம், நீ வாய மட்டும் அசை. டிவில எல்லாவனும் அதத்தான செய்யான்?" என்றார்.

"அதுக்கு நான் எதுக்கு? சிடிய மேடையில வச்சு மாலை போடுங்க" என்றான் இவன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டு போனால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்திருந்தது.

அவனுடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் போன பிறகு சுனாமிக் குடியிருப்பு வீட்டில் தனியாக இருந்தார். மீன் கூடை சுமந்த காலத்தின் கனத்த உடம்பு, சர்க்கரை, முழங்கால் வலி, கண்ணில் புரை. என்னை "சாரே" என்றுதான் கூப்பிடுவார். மகனுக்குத் தொண்டை போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி. அந்தக் குரல் திரும்ப வந்தால் ஊர்ப் புனிதரின் தேருக்குப் பின்னால் மணலில் உருண்டு கோயிலைச் சுற்றி வருவதாக நேர்ந்திருந்தார். அந்தக் கரையில் அது வழக்கம். இளம் பெண்களே பாதியில் மயங்குவார்கள்.

இன்னிசை இருட்டுகிற நேரத்தில் தொடங்கியது. அம்மா பெண்கள் பக்கம் கோயில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு அங்கிருந்து மேடை என்பது கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். முதல் பாட்டுகளுக்குக் கைத்தட்டல் மரியாதைக்கு வந்தது. பின்னாலிருந்து "தாலாட்டு பாடி ஒறங்க வைக்காத மாப்ளேய்!" என்று ஒரு குரல். பிறகு பழைய பாட்டு. நாலு பேரும் வாத்தியத்திலிருந்து கையை எடுத்தார்கள். அவன் மைக்கின் முன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

சத்தம் வந்தது.

எல்லாக் குழாய்களிலும் வந்தது. கோயில் கோபுரத்திலிருந்து வந்தது, மீன் ஏலக் கூடத்திலிருந்து வந்தது, கடைசிக் கம்பத்துக் குழாயிலிருந்து கடலுக்கு மேலே போயிற்று. உடையும் என்று நினைக்கிற இடத்தில் உடையாமல் நின்று, மேலே போயிற்று. மொத்தக் கூட்டமும் எழுந்து ஆடியது. மேடையில் நிற்பவனின் வாய் மூடியிருக்கிறது என்பதை அத்தனை பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி, மேடையோரக் கம்பத்தில் கட்டியிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் வீட்டுக்குப் போகும்போது நம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் வாசலில் நின்று "யாரு வேணும்?" என்று கேட்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

நான் மைக் செட்காரரின் கூடாரத்துக்குப் போனேன்.

"யார கேட்டுய்யா போட்டீரு?"

"கமிட்டி சொல்லிச்சு சார். அது போவ, அந்த எடத்துல பாட்டு செத்துல்லா கெடக்கு? நம்ம செட்டு ரிப்பேருன்னு ஆளுவ நெனைக்க மாட்டாவளா?"

"நேரடி இன்னிசைன்னுதான் அனுமதி வாங்கியிருக்கு. பதிவுசெஞ்சது போடக்கூடாது."

"அவருக்க தொண்டதான சார்? பின்ன என்ன?"

அலுவலக வாழ்க்கையில் நான் பதில் சொல்ல முடியாமல் விட்ட குறிப்புகள் மிகச் சில. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வருவதற்குள் பெண்கள் பக்கம் கூட்டம் கூடியிருந்தது. அம்மா கோயில் வாசலில் மணலில் முட்டி போட்டிருந்தார். "எனக்க மவனுக்க தொண்ட வந்துட்டுது! கேட்டியளாட்டி? வந்துட்டுது!" பெண்கள் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரோ ஓடிப்போய் மணியை அடித்தார்கள். மேடையில் அதற்குள் மாண்டலினும் அவனுடைய மெல்லிய குரலும் தொடங்கியிருந்தன. இந்த ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. என் மகள் மாமியாரின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும். குனிந்து மாமியாரின் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

பங்குத்தந்தை வந்தார். இளைஞர். பெண்கள் "அற்புதம் ஃபாதர்!" என்றார்கள். அவர் நிதானமாக, "அவசரப்படக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் வேணும், விசாரணை வேணும், ஆயருக்கு எழுதணும், அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தைய சொல்லலாம்" என்றார். அந்தக் கடற்கரையில் நடைமுறை தெரிந்த ஒரே மனிதர். கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து மருமகன் மேடைக்குப் பின்னால் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, அம்ம நாளைக்கு உருளப் போறா."

"சொல்லிரு."

"சொல்லணும்." ஒயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினான். "அது நான் இல்லன்னு இந்தத் தொண்டைய வச்சுத்தான சொல்லணும்? சொல்லாட்டா இனிமே அவளுக்கு முன்னால நான் வாயத் திறக்கவே முடியாது. வாயத் திறந்தா தெரிஞ்சிரும்லா. ஊமையாட்டு இருக்கணும்."

"அவங்க கிட்ட ஏற்கெனவே ஏதாவது பேசினியா?"

"பாட்டு முடிஞ்சதும் போய் தண்ணி கேட்டேன். கூட்டமும் கூச்சலும். அவளுக்குக் கேட்டிருக்காது."

அன்று யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டோம். விடிந்ததும் நானும் அவனும் அம்மாவின் குடியிருப்பு வீட்டுக்குப் போனோம். அவர் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தலையை இறுக முடிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகள் அவருடைய முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். இவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கியதும் காற்றுதான் வந்தது.

"அம்மா. நேத்து கேட்டது..."

"சிடி" என்றார் அவர்.

என் மகள் துணி சுற்றுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"நீ வந்து தண்ணி கேட்டப்பவே தெரியும்லே. கண்ணுதான் போச்சுது, காது இருக்குல்லா. அம்மைய இளிச்சவாயின்னு நெனச்சியா?"

"பின்ன எதுக்கு உருளுத?"

"நேர்ச்சையில்லா?"

"வந்தாத்தான நேர்ச்சை? வரலியே அம்மா."

"வந்துது. இந்தக் கரையிலயே வந்துது. ஊரு மொத்தமும் கேட்டுது. வந்ததப் பிடிச்சு வீட்டுல கெட்டி வைக்கணும்னு நான் கேக்கல்ல." தலை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனவன ரெண்டாமத கூப்பிடாண்டாம் மக்கா. கொடுக்க வேண்டியதக் கொடுத்து அனுப்பணும்."

வேண்டுதலின் வாசகத்தை அவர் இரவோடு இரவாகத் திருத்திவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏற்கெனவே சமர்ப்பித்த வேண்டுதலைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு, கேட்டவருக்கா கொடுத்தவருக்கா, எந்தப் பிரிவின் கீழ் என்று எனக்குத் தெரியவில்லை. என் மருமகன் வாதாடிப் பார்த்தான். முழங்காலைச் சொன்னான், சர்க்கரையைச் சொன்னான், வெயிலைச் சொன்னான். "சாரே, இவனுக்குக் கொஞ்சம் செல்லிக் கொடுங்க" என்றார் அவர் என்னிடம். அந்தக் கரையில் 'சொல்லி' என்பதைச் 'செல்லி' என்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்தேன்.

தேர் பகலில் கிளம்பியது. வெடி, மேளம், தேருக்கு முன்னால் ஒரு வேனில் ஒலிபெருக்கி, அதில் மன்றாட்டு. தேருக்குப் பின்னால் உருளுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு முன்னால் வீட்டார் தண்ணீர் தெளித்துப் போக வேண்டும், மணல் சுடாமலிருக்க. இன்னொருவர் கூடவே நடந்து வழி சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உருளுகிறவர்களுக்கு நாலு சுற்றிலேயே திசை போய்விடும். சாக்கடை எது, சுவர் எது என்று தெரியாது. தண்ணீர் நான். வழி சொல்ல இவன்.

அம்மா படுத்தார், கைகளைத் தலைக்கு மேலே கூப்பினார், உருண்டார். கனமான உடம்பு, ஒவ்வொரு திருப்பமும் ஒரு வேலை. மூன்றாவது திருப்பத்திலேயே வலப்பக்கம் சாய்ந்து கல்லுக்கட்டுச் சுவரைப் பார்த்துப் போனார்.

"இடத்த வா அம்மா! இடத்த!"

வெடியும் வேனும் அவன் குரலை விழுங்கின. அம்மா கல்லில் தோளை இடித்துக்கொண்டு நின்றார். வாயெல்லாம் மணல்.

"எங்கலே நிக்க? ஒண்ணும் கேக்கல்ல."

அவன் சுற்றும் பார்த்தான். குழாயைப் பார்த்தானோ என்னவோ. நான் வழி சொல்லலாம், என் குரல் நன்றாகவே கேட்கும், வாயைத் திறந்தும்விட்டேன்.

"நீங்க செல்லாண்டாம் சாரே" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல். "அவன் செல்லட்டு."

அவன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அவர் தோளுக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்தான். பிறகு மணலில் முட்டி போட்டு, கையை ஊன்றி, வாயை அவர் காதோரம் கொண்டு போனான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா இடப்பக்கம் திரும்பினார். அவன் தவழ்ந்துகொண்டே கூடப் போனான். அவர் புரளும்போது ஒதுங்கி, புரண்டு முடித்ததும் மறுபடி காதோரம் குனிந்து. தழும்பு வெயிலில் பளபளத்தது. பார்த்தவர்கள் இரண்டு பேருமே நேர்ச்சை செய்கிறார்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

இந்த வேகத்தில் தேரோடு போக முடியாது. மற்றவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். தேர் கோயிலின் தென்பக்கம் திரும்பியது. வேனும் மேளமும் அதோடு போயின. எங்கள் பக்கம் சத்தம் ஓய்ந்தது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை முன்னால் ஊற்றினேன். அப்போது எனக்கும் கேட்டது: "நேரே வா அம்மா. நேரே. நேரே."